பத்தில் ஒரு பங்கு

வால்டிவியாவில் மழை விடுப்பு எடுப்பதில்லை.
ஆற்றங்கரைச் சந்தையில்
மீன்தலைக்கு வாய்பிளந்து கிடக்கும் கடற்சிங்கங்களைத் தாண்டி
கோச்சாயுயோ பாசி ஒரு கட்டு வாங்குகிறேன்,
ஈரம் காய்ந்த கப்பற்கயிறு மாதிரி.
விற்பவள் என் கழுத்துத் தழும்பைப் பார்த்துச் சொல்கிறாள்:
"அயோடின் நிறைய. உனக்கு நல்லது."
அயோடின் வந்து தங்க எனக்குள் வீடே இல்லை,
மூன்று வருடம் முன்பு அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று
மழையில் நின்றுகொண்டு
எப்படி விளக்க?

ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு வெள்ளை மாத்திரை.
காப்பிக்கு அரைமணி காத்திருக்க வேண்டும்.
குப்பியில் என் பெயர்: ஒர்தென்சியா மான்கீலேஃப்.

என் வேலை நிலவறையில்.
தொட்டி கழுவுவது, கீரைத்தூள் போடுவது, எண்ணுவது.
ஆப்பிரிக்க நகத்தவளையின் தலைப்பிரட்டைகள்.
நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும்
கடுகிலும் சிறிய தைராய்டை
டாக்டர் நெக்கெல்மான் முளையிலேயே நீக்கியிருந்தார்.
கூடப் பிறந்தவை எல்லாம் தவளையாகிப் போயின.
இவை இரண்டும் பெருத்தன, பெருத்தன,
கட்டைவிரலை மீறின.
வயது ஏறியது. கால் முளைக்கவில்லை.

டாக்டர் ஒருநாள் பலகையில் வரைந்து காட்டினார்,
துடைப்பத்தோடு நான் நின்றதையும் பார்த்துக்கொண்டு.
உட்கருவுக்குள் மரபணுவின் மேல்
ஏற்பி முன்பே உட்கார்ந்திருக்கிறதாம்,
ஹார்மோன் வருமுன்பே.
சும்மா இல்லை,
கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு.
தைராக்சின் வந்து தொட்டால்
வேறு யாரும் வந்து திறப்பதில்லை.
அடைத்துப் பிடித்த அதே கைதான்
திறக்கிறது.

அன்று முழுக்கத் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

சோதனை முடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள்
தொட்டிகளைக் காலி செய்யச் சொன்னார்கள்.
புதன் இரவு
என் மாத்திரை ஒன்றை முழுசாக
நாற்பதின் தண்ணீரில் கரைத்தேன்.

எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டது அதற்கு.
நுரையீரல் தயாராகுமுன் செவுள் சுருங்கியது,
கால் மொட்டாக இருக்கும்போதே
வால் கரைந்தது.
பிடித்து நிற்க ஒன்றுமில்லாமல்
வெள்ளி காலையில் தொட்டியின் அடியில் கிடந்தது.
கொன்றது விஷம் இல்லை.
நான் தினமும் விழுங்கும் அதே சொல்,
அதிகச் சத்தமாக.

நாற்பத்தொன்றைக் கோச்சாயுயோ பையில் மறைத்து
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
துணி அலசும் பெரிய தகரத்தொட்டி.
மாத்திரையைச் சவர பிளேடால் பத்தாக வெட்டி
நாளுக்கு ஒரு பொடி.

முதலில் பின்னங்கால், மயிரிழை போல.
நான்கு அயோடினில் ஒன்றைக் கழற்றினால்தான்
அந்தச் சொல்லுக்கு முழு வலு.
கழற்றும் கத்தியைக் கால் முதலிலேயே வைத்திருக்கிறது;
வால் கடைசியில்தான் எடுக்கிறது.
ஒரே ரத்தம், ஒரே சேதி.
ஒருவனுக்கு வளர் என்று கேட்பது
மற்றவனுக்குச் சாவு என்று கேட்கிறது.
ஆனாலும் கால் நீந்தப் பழகும்வரை
வால் பொறுத்திருந்தது.
அதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை,
அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

நடுவில் சில நாள் அது எதுவும் தின்னவில்லை.
கீரைக்கான நீண்ட சுருள் குடல்
இறைச்சிக்காகத் தன்னைக் குறுக்கிக்கொண்டிருந்தது.
வால்தான் சோறு.

டாக்டர் கேட்டார்: "நாற்பத்தொன்று?"
பேரேட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
ஆற்றில் விடவும் முடியாது.
இந்த ஊர்க் குட்டைகளை அதன் சொந்தக்காரர்கள்
ஏற்கனவே சூறையாடுகிறார்கள்.

இன்று ஆறு மணி. மழை.
தகரத்தொட்டியில் வாலில்லாமல் ஒன்று
மண்புழுவை இரு கையாலும் வாய்க்குள் திணிக்கிறது,
கொஞ்சமும் நாகரிகம் இல்லாமல்.
அதற்கு இனிமேல் மாத்திரை தேவைப்படாது.
கேட்க வேண்டியதை ஒருமுறை கேட்டுவிட்டது.

நான் என்னுடையதை விழுங்குகிறேன்.
காப்பிக்கு இன்னும்
இருபத்தெட்டு நிமிடம்.